டெல்லி, கோட்டை, ஊராட்சி ஆபீஸ்: அதிகாரம் எந்தப் படில நின்னுடுது?

2022 ஏப்ரல்ல தமிழ்நாட்டு நகரங்கள்ல சொத்து வரிய 25%ல இருந்து 150% வரைக்கும் ஏத்தினாங்க. உள்ளாட்சித் தேர்தல் முடிஞ்சு புது கவுன்சிலருங்க பதவியேத்து அப்பதான் ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. ஜனங்க திட்டினது கவுன்சிலர. ஆனா ஏத்தணும்னு முடிவு எடுத்தது மாநில அரசு. மாநில அரசு சொன்ன காரணம் என்னன்னா, நகராட்சிகளுக்கு மானியம் வேணும்னா சொத்து வரிக்கு குறைந்தபட்ச விகிதம் அறிவிச்சே ஆகணும்னு மத்திய வரியப் பங்கு பிரிக்கற 15வது நிதிக்குழு நிபந்தனை போட்டுருச்சு, அதனாலதான் ஏத்தறோம்னு. ஒரே ஒரு வரி பில்லு, அதுக்குப் பின்னாடி மூணு அரசு, இதுல யார்கிட்ட போய் கேக்கறதுன்னு பில்ல கட்டறவங்களுக்குத் தெரியாது.

மாநில சுயாட்சி, வரிப் பகிர்வு, ஆளுநர் வழக்கு, உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போறது இதெல்லாம் செய்தில தனித்தனியா வரும். உண்மைல எல்லாமே ஒரே கேள்விதான்: எந்த மட்டத்து அரசுக்கு எவ்வளவு அதிகாரம்? அடிப்படைல இருந்து பாத்துட்டு வந்தா குழப்பம் நிறைய தீரும்.

அதிகாரம்னா மூணு விஷயம்

ஒரு அரசுக்கு ஒரு வேலைல உண்மையான அதிகாரம் இருக்கான்னு பாக்க மூணு கேள்வி கேட்டா போதும்.

1. சட்டம்: அந்த விஷயத்துல விதி போட அவங்களுக்கு உரிமை இருக்கா?
2. பணம்: அதுக்கான காச அவங்களே வசூல் பண்ணவோ, நிபந்தனை இல்லாம வாங்கவோ முடியுமா?
3. ஆள்: வேலை செய்யற அதிகாரி யாருக்கு பதில் சொல்லணும்? டிரான்ஸ்ஃபர் யார் போடறாங்க?

மூணுல ஒண்ணு கைல இல்லன்னாலும் மத்த ரெண்டும் நொண்டும். "அதிகாரம் குடுத்துட்டோம்"னு யாராவது சொன்னா இந்த மூணையும் வெச்சுப் பாருங்க, பெரும்பாலும் முதலாவத மட்டும் குடுத்துட்டு மத்த ரெண்ட கைல வெச்சிருப்பாங்க.

சட்டம்: மூணு பட்டியல், நாலாவதா யாருக்கும் இல்ல

அரசியலமைப்போட ஏழாவது அட்டவணைல மூணு பட்டியல் இருக்கு. மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், ரெண்டு பேரும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியல். ஆரம்பத்துல முறையே 97, 66, 47 விஷயங்கள் இருந்துச்சு. பொதுப் பட்டியல்ல ரெண்டு சட்டமும் மோதினா 254வது பிரிவுப்படி மத்திய சட்டம்தான் நிக்கும், மாநில சட்டம் நிக்கணும்னா குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேணும். எந்தப் பட்டியல்லயும் இல்லாத விஷயம் டெல்லிக்கு. உள்ளாட்சிக்குன்னு தனிப் பட்டியலே கிடையாது, இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எமர்ஜென்சி காலத்துல 1976ல வந்த 42வது திருத்தம் கல்வி, காடு, வனவிலங்கு பாதுகாப்பு உள்பட அஞ்சு விஷயத்த மாநிலப் பட்டியல்ல இருந்து பொதுப் பட்டியலுக்கு நகர்த்துச்சு. எமர்ஜென்சில செஞ்ச பல மாத்தங்கள ஜனதா ஆட்சி 44வது திருத்தத்துல திருப்பிப் போட்டாங்க, இது மட்டும் அப்படியே தங்கிடுச்சு.

இதோட விளைவு என்னன்னு நீட் விஷயத்துல பாக்கலாம். 2006ல தமிழ்நாடு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வ ரத்து பண்ணி சட்டம் போட்டுச்சு, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சுது, பல வருஷம் பிளஸ் டூ மார்க் வெச்சே அட்மிஷன் நடந்துச்சு. 2021ல நீட்டுக்கு விலக்கு கேட்டு மசோதா போட்டாங்க, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரில மறுபடி நிறைவேத்தி அனுப்பினாங்க, கடைசில குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரலைன்னு 2025 ஏப்ரல்ல தெரிஞ்சுது. அதே சட்டமன்றம், அதே 254வது பிரிவு, ரெண்டு வேற வேற முடிவு. டெல்லில யார் இருக்காங்கங்கறத பொறுத்து கிடைக்கறத உரிமைன்னு எப்படி சொல்றது?

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, மேடைல யாரும் சொல்றதில்ல. கல்விய மாநிலப் பட்டியலுக்கு திருப்பிக் கொண்டுவந்துட்டா மட்டும் எல்லாம் தீராது. உயர்கல்வியோட தரத்த நிர்ணயிக்கறது மத்தியப் பட்டியல்ல 66வது விஷயமா 1950ல இருந்தே இருக்கு. பழைய மாநிலப் பட்டியல்ல கல்வி இருந்தப்பகூட அதுக்குக் கட்டுப்பட்டுதான் இருந்துச்சு. அதனால கோரிக்கைய எழுதறப்ப ரெண்டையும் சேத்து எழுதணும், இல்லன்னா ஜெயிச்சும் பாதிதான் கிடைக்கும்.

பணம்: இங்கதான் உண்மையான பேச்சு

15வது நிதிக்குழு அறிக்கைல 2018-19க்கான ஒரு கணக்கு இருக்கு. நாட்டு மொத்த அரசு வருவாய்ல 62.7% மத்திய அரசு திரட்டுது, மொத்த செலவுல 62.4% மாநிலங்கள் பண்ணுது. ஸ்கூல், ஆஸ்பத்திரி, போலீஸ், ரோடு எல்லாம் மாநிலத்தோட செலவு, வருமான வரி, கம்பெனி வரி மாதிரி நல்லா வளர்ற வரியெல்லாம் டெல்லி கைல. இந்த இடைவெளிய நிரப்பத்தான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை நிதிக்குழு போட்டு வரியப் பங்கு பிரிக்கறாங்க. 14வது குழு மாநிலங்களுக்கு 42% சொல்லுச்சு, 15வது 41%.

கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா 41% எதுல? மத்திய அரசு வசூலிக்கற மொத்த வரில இல்ல. 270வது பிரிவுப்படி செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்குன்னு போடற வரி), சர்சார்ஜ் (வரி மேல போடற கூடுதல் வரி) ரெண்டும் பங்குக்கு வராது, அது முழுசா டெல்லிக்கே. 2011-12ல மொத்த வரில சுமார் 10% இருந்த இந்த செஸ், சர்சார்ஜ் பங்கு, பத்து வருஷத்துக்குள்ள 20% பக்கத்துல போயிடுச்சு. அதனால ஏட்டுல 41%, கைக்கு வர்றது மொத்த வசூல்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான்.

பெட்ரோல எடுத்துக்கங்க. 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு லிட்டருக்கு மத்திய அரசு எடுத்த கலால் வரி 32 ரூபா 90 காசு. அதுல,

1. சாலை, உள்கட்டமைப்பு செஸ் 18 ரூபா
2. சிறப்புக் கூடுதல் கலால் வரி 11 ரூபா
3. விவசாய உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபா 50 காசு
4. அடிப்படைக் கலால் வரி 1 ரூபா 40 காசு

இந்த நாலாவது மட்டும்தான் பங்குக்கு வரும். 1.40ல 41%னா எல்லா மாநிலத்துக்கும் சேத்து 57 காசு, அதுல தமிழ்நாட்டோட பங்கு 2 காசுக்கு கொஞ்சம் மேல. மாநிலம் தனியா வாட் போடுது, அது வேற கணக்கு. ஆனா மத்திய அரசு வாங்கின 32 ரூபா 90 காசுல இருந்து பகிர்வா வந்தது இவ்வளவுதான்.

பங்கு பிரிக்கற ஃபார்முலா பத்தியும் நிறைய கோவம் இருக்கு. 9வது நிதிக்குழு காலத்துல 7.9% கிட்ட இருந்த தமிழ்நாட்டுப் பங்கு 15வதுல 4.079%. தலா வருமானம் குறைவா இருக்கற மாநிலத்துக்கு அதிகம் போற மாதிரி 15வது குழு 45% வெயிட்டேஜ் வெச்சிருந்துச்சு. பீகாருக்கு நம்மள விட அதிகம் போகணுமான்னு கேட்டா, போகணும்னுதான் நான் சொல்வேன். அங்க பொறக்கற குழந்தைக்கும் ஸ்கூலு ஆஸ்பத்திரி வேணும். என்னோட பிரச்சினை, பங்கு போடற பானையவே செஸ் போட்டு சுருக்கிட்டு, அப்புறம் தெற்கையும் வடக்கையும் அந்தக் கொஞ்சத்துக்கு சண்டை போட விடறதுதான்.

அடுத்தது நிபந்தனைப் பணம். மத்திய அரசு நிதியுதவித் திட்டங்கள்னு சொல்றாங்க. திட்டம் டெல்லி எழுதும், பேரு டெல்லி வைக்கும், செலவுல ஒரு பகுதி மாநிலம் போடணும், பெரும்பாலும் 60:40. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துல கையெழுத்து போடலைங்கறதுக்காக சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்டத்தோட நிதி 2,152 கோடி ரூபாய நிறுத்தி வெச்சுட்டாங்கன்னு 2025ல தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போச்சு. அந்தக் காசு ஆசிரியர் சம்பளத்துக்கும் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சிக்கும் போற காசு. 2025 டிசம்பர்ல 100 நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலா கொண்டுவந்த புது சட்டமும் இதே வழிதான். முன்னாடி கூலி முழுசும் மத்திய அரசோடது, இப்ப 125 நாள்னு சொல்லிட்டு செலவ 60:40ன்னு மாத்திட்டாங்க. நாள கூட்டி அறிவிக்கறது ஒருத்தர், அதுக்கு காசு தேடறது இன்னொருத்தர்.

ஜிஎஸ்டி பத்தி சுருக்கமா. கவுன்சில்ல மத்திய அரசுக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு, எல்லா மாநிலத்துக்கும் சேத்து மூணுல ரெண்டு, முடிவு எடுக்க நாலுல மூணு பங்கு வேணும். அதாவது டெல்லி வேண்டாம்னா எதுவும் நடக்காது. கவுன்சில் பரிந்துரை எல்லாரையும் கட்டுப்படுத்தாதுன்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு, ஆனா தனி ஒரு மாநிலம் விலகி நின்னு வரி விகிதத்த மாத்தறது நடைமுறைல நடக்கற காரியம் இல்ல. இந்தக் கவுன்சில்ல உள்ளாட்சிக்கு ஒரு நாற்காலி கூட கிடையாது.

ஆளுநரும் பேச்சுவார்த்தை மேடையும்

மசோதாவ ஆளுநர் எவ்வளவு நாள் வெச்சிருக்கலாம்ங்கறதுல 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டோட 10 மசோதாவுக்கு ஒப்புதல் கிடைச்சதா எடுத்துக்கலாம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதே வருஷம் நவம்பர்ல, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு அஞ்சு நீதிபதிகள் அமர்வு, கோர்ட் காலக்கெடு விதிக்க முடியாது, தானா ஒப்புதல் கிடைச்சதாவும் எடுத்துக்க முடியாது, ஆனா காரணமே இல்லாம கிடப்புல போட்டா குறைஞ்ச அளவுல தலையிடலாம்னு கருத்து சொல்லுச்சு. ஆக அந்தக் கதவு பாதி மூடிடுச்சு. பேசித் தீக்கலாம்னா அதுக்குன்னு 263வது பிரிவுல மாநிலங்களுக்கு இடையிலான கவுன்சில் இருக்கு, 1990ல அமைச்சாங்க, அதோட 11வது கூட்டம் நடந்தது 2016 ஜூலைல. 26 வருஷத்துல 11 கூட்டம்.

இப்ப அதே கண்ணாடிய கோட்டை பக்கம் திருப்பலாம்

மாநிலங்களோட புகார் நியாயமானது. 1969லயே மத்திய-மாநில உறவ ஆராய ராஜமன்னார் குழு போட்டு, 1974ல சட்டமன்றத்துல தீர்மானம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 2025ல குரியன் ஜோசப் தலைமைல மறுபடி ஒரு குழு போட்டிருக்கு. இந்தக் கோரிக்கைல நமக்கு அரை நூற்றாண்டுக்கு மேல சரித்திரம் இருக்கு. அதனாலதான் அடுத்த பகுதிய எழுதறப்ப கஷ்டமா இருக்கு. ஏன்னா டெல்லி நமக்கு என்ன பண்ணுதோ அதையேதான் கோட்டை, அதாவது மாநில அரசு, ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் பண்ணுது.

1993ல நடைமுறைக்கு வந்த 73, 74வது திருத்தங்கள் உள்ளாட்சிக்கு அரசியலமைப்பு அந்தஸ்து குடுத்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தேர்தல், இட ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் இதெல்லாம் கட்டாயம். ஆனா ஊராட்சிக்கு 29 விஷயம், நகரத்துக்கு 18 விஷயம்னு போட்டிருக்கற அட்டவணை கட்டாயம் இல்ல. 243ஜி, 243டபிள்யூ பிரிவுகள்படி மாநில சட்டமன்றம் விரும்பினா ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். முன்னாடி சொன்ன நாலாவது பட்டியல் இல்லாத குறை இங்கதான் வந்து இடிக்குது.

மூணு கேள்விய இங்கயும் கேப்போம்.

1. சட்டம். நகரங்களுக்கான 18 விஷயத்துல முதல் விஷயமே நகரத் திட்டமிடல். சென்னைல அத செய்யறது மாநில அரசோட சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்). குடிநீர் மெட்ரோ வாட்டர், பஸ் எம்.டி.சி, தீயணைப்பு தனித் துறை. எதுவும் மேயருக்குக் கீழ இல்ல. 1688ல தொடங்கின, நாட்லயே பழமையான மாநகராட்சி, ஆனா ஒரு மழைக்கு தெருவுல தண்ணி நின்னா வடிகால் ஒரு ஆபீஸ், கழிவுநீர் இன்னொரு ஆபீஸ், பெரிய ரோடுன்னா நெடுஞ்சாலைத் துறை. மேயர மக்கள் நேரடியா தேர்ந்தெடுக்கறதா கவுன்சிலருங்க தேர்ந்தெடுக்கறதாங்கறதையே ஆட்சிக்கு ஆட்சி மாத்திட்டே வந்திருக்காங்க.

2. பணம். மத்திய வரில 41% போதாதுன்னு சொல்ற நாம, நம்ம சொந்த வரில உள்ளாட்சிக்குன்னு வெச்சிருக்கறது 10%. நாடு முழுக்கப் பாத்தா நகராட்சிகளோட மொத்த வருவாய் ஜிடிபில 1% அளவுலயே பத்து வருஷத்துக்கும் மேல நிக்குதுன்னு ரிசர்வ் வங்கி 2022 அறிக்கைல சொல்லுது. 15வது நிதிக்குழு ஊராட்சிக்கு தந்த மானியத்துலயும் 60% குடிநீர், துப்புரவுக்குன்னு கட்டிப்போட்டுதான் வந்துச்சு. டெல்லி நிபந்தனை போட்டா கூட்டாட்சிக்கு ஆபத்துன்னு சொல்ற அதே வாய், கோட்டை ஊராட்சிக்கு நிபந்தனை போட்டா நிர்வாகம்னு சொல்லுது.

3. ஆள். மாநகராட்சி கமிஷனர போடறது மாநில அரசு. ஊர்ல வி.ஏ.ஓ வருவாய்த் துறை, நர்ஸ் சுகாதாரத் துறை, டீச்சர் கல்வித் துறை, இவங்க யாருக்கும் ஊராட்சித் தலைவர் ஒரு வேலை சொல்ல முடியாது. ஆனா தலைவர பதவிய விட்டே எடுக்கற அதிகாரம், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205வது பிரிவுப்படி கலெக்டர்கிட்ட ஆரம்பிக்குது. ஓட்டு வாங்காத ஒரு ஆளுநர் நம்ம மசோதாவ தடுக்கறது தப்புன்னா, ஓட்டு வாங்காத ஒரு அதிகாரி ஓட்டு வாங்கின தலைவர எடுக்கறதும் அதே அளவுக்கு யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

எல்லாத்துக்கும் மேல தேர்தலே ஒழுங்கா நடக்கறதில்ல. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர்லதான் நடந்துச்சு, அதுவும் 27 மாவட்டத்துல மட்டும். பிரிச்ச ஒம்போது மாவட்டத்துக்கு 2021 அக்டோபர், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. 2025 ஜனவரி 5ஓட முதல்ல தேர்தல் நடந்த 27 மாவட்டத்தோட பதவிக்காலம் முடிஞ்சுது, தேர்ந்தெடுத்தவங்களுக்குப் பதிலா மறுபடி அரசு போடற தனி அலுவலர்கள் வந்து உக்காந்தாங்க. ஒவ்வொரு தடவையும் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடுன்னு காரணம். அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தியே ஆகணும், இந்த மாதிரி காரணம் சொல்லி தள்ளிப்போடக்கூடாதுன்னு 2006லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. சட்டமன்றத் தேர்தல மூணு வருஷம் தள்ளிவெச்சு கோட்டைல ஒரு தனி அலுவலர உக்கார வெச்சா நாம சும்மா இருப்பமா? கவுன்சில் இல்லாத காலத்துல மத்திய நிதிக்குழு மானியமும் நின்னுபோகும், ஆக ஊர் ரெண்டு தடவை நஷ்டப்படுது.

பக்கத்து மாநிலத்துல எப்படி?

கேரளா 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு, திட்ட நிதில 35ல இருந்து 40% வரைக்கும் நேரா உள்ளாட்சிக்கு குடுத்தாங்க. காசோட நிக்கல. ஆரம்ப சுகாதார நிலையம், வேளாண் அலுவலகம், கால்நடை மருத்துவமனை, அங்கன்வாடி எல்லாத்தையும் ஊராட்சிக்கு மாத்தினாங்க. 2018 வெள்ளத்துலயும் கொரோனாலயும் அங்க ஊராட்சிகள் வேலை செஞ்ச விதத்துக்கு இதான் அடித்தளம். தேர்தலும் 2020ல கொரோனாக்கு நடுவுலயே நடத்தினாங்க, 2025 டிசம்பர்லயும் நடத்தினாங்க.

அப்படியே நம்ம ஊருக்கு காப்பி அடிக்க முடியாதுங்கறதையும் சொல்லணும். அங்க 941 கிராம ஊராட்சி, ஒவ்வொண்ணும் சராசரியா இருபதாயிரத்துக்கு மேல ஜனங்க. இங்க 12,525 ஊராட்சி, 2011 கணக்குப்படி சராசரி மூவாயிரம் பேர். மூவாயிரம் பேர் இருக்கற ஊராட்சி சுகாதார நிலையத்த நடத்தறது கஷ்டம், ஆனா ஊராட்சி ஒன்றிய அளவுல கண்டிப்பா முடியும். நம்மகிட்ட ஒன்றிய கவுன்சில்னு தேர்ந்தெடுத்த ஒரு அமைப்பு இருக்கு, அதுக்கு வேலையே இல்லாம வெச்சிருக்கோம்.

"கீழ குடுத்தா சாதி ஆடும்" ங்கற வாதம்

இத லேசா தள்ள முடியாது. கிராமம்னா அறியாமையும் குறுகிய புத்தியும் உள்ள இடம்னு அம்பேத்கர் 1948ல அரசியல் நிர்ணய சபைலயே கடுமையா சொன்னார். 1997ல மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க, தனித் தொகுதில ஜெயிச்சதுதான் அவர் செஞ்ச குத்தம். பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கின பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள்ல 1996ல இருந்து பத்து வருஷம் தேர்தல நடத்த விடல, 2006ல மாவட்ட நிர்வாகம் இறங்கி வேலை செஞ்சுதான் நடந்துச்சு. 2020ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டைல பட்டியல் சமூகத்து ஊராட்சித் தலைவரையே தரைல உக்கார வெச்சாங்க.

ஆனா இதுல இருந்து என்ன முடிவுக்கு வரணும்? இட ஒதுக்கீடு, வன்கொடுமைச் சட்டம், கணக்குத் தணிக்கை, இதெல்லாம் மேல் அரசு கைலதான் இருக்கணும், கண்டிப்பா நடத்தவும் செய்யணும். அதே நேரம் தரைல உக்கார வெச்ச தலைவருக்கு உண்மையான அதிகாரம் இருந்திருந்தா, துணைத் தலைவர் கையெழுத்து இல்லாம ஒரு செக் போட முடியாதுங்கற நிலைமை இல்லாம இருந்திருந்தா, அந்தத் துணிச்சல் அவ்வளவு சுலபமா யாருக்கும் வந்திருக்காது. பாதுகாப்பு மேல இருந்து வரட்டும், அதிகாரம் கீழ இருக்கட்டும், இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதற விஷயம் இல்ல.

எத மாத்த யாரால முடியும்?

ஏழாவது அட்டவணைய மாத்தறதுன்னா பாராளுமன்றத்துல மூணுல ரெண்டு பங்கு ஆதரவு, கூடவே குறைஞ்சது பாதி மாநில சட்டமன்றங்களோட ஒப்புதல். செஸ்ஸ பங்குக்குள்ள கொண்டுவர 270வது பிரிவ திருத்தணும். இதெல்லாம் வருஷக்கணக்கான அரசியல், மத்த மாநிலங்களையும் கூட சேத்துக்கிட்டு விடாம செய்யணும்.

கீழ்ப்படிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்ல, கோட்டைலயே செய்யலாம்.

1. வார்டு மறுவரையறையும் சுழற்சி ஒதுக்கீடும் பதவிக்காலம் முடிய ஒரு வருஷம் முன்னாடியே முடிஞ்சாகணும்னு சட்டத்துல எழுதறது, அந்தப் பொறுப்ப முழுசா மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கே குடுக்கறது.
2. 1978 மெட்ரோ வாட்டர் சட்டத்த திருத்தி அந்த வாரியத்த மேயர் தலைமைக்குக் கொண்டுவர்றது.
3. 205வது பிரிவுல தலைவர நீக்கற முடிவ கலெக்டர்கிட்ட இருந்து எடுத்து ஒரு நீதித்துறை அமைப்புகிட்ட குடுக்கறது.
4. மாநில ஜிஎஸ்டில ஒரு நிலையான பங்க எந்த நிபந்தனையும் இல்லாம உள்ளாட்சிக்கு ஒதுக்கறது.
5. ஆரம்ப சுகாதார நிலையம், தொடக்கப் பள்ளி, கால்நடை மருந்தகம் இவங்களோட அன்றாட மேற்பார்வைய ஊராட்சி ஒன்றியத்துக்கு மாத்தறது, ஊழியர்களோட பணிப் பாதுகாப்பு அப்படியே இருக்க.

முதல் மூணுக்கும் சட்டமன்றத்துல சாதாரண பெரும்பான்மை போதும். கடைசி ரெண்டுக்கு பெரும்பாலும் பட்ஜெட்டும் அரசாணையுமே போதும், மசோதாவ ஆளுநருக்கு அனுப்பி காத்திருக்கற நிலைமைகூட அதுல வராது.